குழந்தைக்கு இதயத்துல ஓட்டை, கூடவே தசையும் ஸ்பாஞ்சு மாதிரின்னு சொல்லிட்டாங்களா? ஓட்டைய மட்டும் பாக்காதீங்க

முதல்லயே சொல்லிடறேன், நான் டாக்டர் இல்ல, நர்ஸும் இல்ல. வில்லிவாக்கத்துல இருக்கேன், என் சின்னவனுக்கு இப்போ 9 வயசு. அவன் ரெண்டு மாசக் கொழந்தையா இருக்கும்போது பால் குடிக்கறப்போ நெத்தியெல்லாம் முத்து முத்தா வேர்க்கும், ரெண்டு வாய் குடிப்பான், விட்டுட்டு மூச்சு வாங்குவான், மறுபடி குடிப்பான். ஏசி இல்லாத வீடு, சித்திரை மாசம், சூட்டுக்குத்தான் வேர்க்குதுன்னு நெனச்சிட்டோம். தடுப்பூசி போடப் போன எடத்துல டாக்டர் ஸ்டெத்த வெச்சிட்டு ரொம்ப நேரம் எடுக்கவே இல்ல, அப்பவே எனக்கு வயித்தக் கலக்கிடுச்சு. எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கற ஸ்கேன், எடுத்தா ரிப்போர்ட்ல ரெண்டு விஷயம் இருந்துச்சு. ஒண்ணு விஎஸ்டி, அதாவது கீழ் அறை ரெண்டுக்கும் நடுவுல ஓட்டை. இன்னொண்ணு எல்விஎன்சி. மொதலாவது பத்தி எல்லாரும் பேசினாங்க. ரெண்டாவது பத்தி யாரும் பேசல, நாங்களும் கேக்கல. அந்தக் கேக்காததுக்கு நாங்க குடுத்த வெலதான் இந்தப் பதிவு.

எல்விஎன்சின்னா லெஃப்ட் வென்ட்ரிகுலர் நான்கம்பாக்ஷன். பேரக் கேட்டு பயப்படாதீங்க, விஷயம் இதான்: கரு உருவாகற மொத வாரங்கள்ல எல்லாருக்குமே இதயத் தசை ஸ்பாஞ்சு மாதிரிதான் இருக்கும், அப்போ அதுக்குன்னு தனி ரத்தக் குழாய் கெடையாது, அந்த இடுக்குல ஓடற ரத்தத்துலதான் தசை உயிர் பொழைக்குது. அப்பறம் அஞ்சாவது வாரத்துல இருந்து எட்டாவது வாரத்துக்குள்ள அந்த ஸ்பாஞ்சு நெருங்கி நெருங்கி கெட்டித் தசையா மாறிடும். சில குழந்தைங்களுக்கு இது பாதியிலயே நின்னுடுது, அதனால இடது கீழ் அறையோட உள்பக்கம் காஞ்ச பீர்க்கங்கா நார் மாதிரி இழை இழையா, இடுக்கு இடுக்கா இருக்கும், வெளிப்பக்கம் மட்டும் மெல்லிசா கெட்டித் தசை. நார் வெச்சு முதுகு தேய்க்கலாம், ஆனா அதுவே பம்பு மாதிரி அடிக்கணும்னா கஷ்டம்தானே. இது ஏன் வருதுன்னா நெறைய பேருக்கு ஜீன்தான் காரணம், தசைப் புரதத்தோட ஜீன்ல வர்ற மாத்தம். ஓட்டை, எப்ஸ்டைன் வால்வு கோளாறு, பிடிஏ (பொறந்தப்பறம் மூட வேண்டிய ஒரு ரத்தக் குழாய் மூடாம இருக்கறது), நுரையீரல் வால்வு சுருக்கம் இதெல்லாம் கூடவே சேந்து வரும். தனியாவும் வரும்.

இங்கயே ஒண்ணு சொல்லிடறேன். மாசமா இருக்கறப்போ பப்பாளி சாப்ட்டியா, கிரகணத்துல வெளிய போனியான்னு என்ன கேக்காத ஆளில்ல. எங்க அத்தை ஒரு மாசம் இதே கச்சேரி. நீங்க சாப்ட்டதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, அந்தப் பேச்ச அங்கயே கட் பண்ணிடுங்க, அதுக்கு வேஸ்ட் பண்ற தெம்பு உங்களுக்கு வேற எடத்துல வேணும்.

சரி, என்ன பண்ணணும்னு பாக்கலாம். மொத வேலை, ரிப்போர்ட்ட முழுசா படிங்க, கடைசி வரி வரைக்கும். எங்களோடதுல "ப்ராமினென்ட் ட்ரபெகுலேஷன்ஸ்"னு மூணாவது வரில இருந்துச்சு, நாங்க அத ஏதோ இங்கிலீஷ்னு விட்டுட்டோம். ட்ரபெகுலேஷன்னா அந்த நார் இழைங்கதான். நார்ப் பகுதிக்கும் கெட்டிப் பகுதிக்கும் எவ்ளோ விகிதம்னு அளப்பாங்க, எக்கோல இதயம் சுருங்கின நிலைல பாத்து 2-க்கு மேல இருந்தா, எம்ஆர்ஐ-ல விரிஞ்ச நிலைல பாத்து 2.3-க்கு மேல இருந்தா எல்விஎன்சின்னு சொல்ற பழக்கம் இருக்கு. ஆனா ஒரு டாக்டர் வியாதிங்கறாரு, இன்னொருத்தர் இது வெறும் ட்ரபெகுலேஷன்தான்மா பயப்படாதங்கறாருன்னு கொழம்பாதீங்க. நல்லா ஓடியாடற விளையாட்டுக்காரங்களுக்கும், கர்ப்பமா இருக்கறவங்களுக்கும் கூட இந்த இழைங்க அதிகமா தெரியும். 2023-ல ஐரோப்பிய இதய மருத்துவ சங்கமே இத தனி வியாதியா வெக்காம, ஒரு அடையாளமா மட்டும் பாக்கலாம்னு மாத்திட்டாங்க. அதனால விகிதத்த வெச்சு மட்டும் முடிவு பண்ண மாட்டாங்க. பம்பிங் (ஒவ்வொரு துடிப்புலயும் இடது கீழ் அறை எத்தன சதவீதம் ரத்தத்த வெளிய தள்ளுதுங்கறது) எப்படி இருக்கு, துடிப்பு சீரா இருக்கா, குடும்பத்துல யாருக்காவது இதயம் வீங்கினது, சின்ன வயசுல திடீர்னு போனது உண்டா, இதெல்லாம் சேத்துத்தான். டாக்டர்கிட்ட நேரா கேளுங்க: "எங்க பையனுக்கு இது வெறும் தோற்றமா, இல்ல தசையே வீக்கா?" இந்த ஒரு கேள்விய நான் அஞ்சு வருஷம் லேட்டா கேட்டேன்.

அடுத்தது, ஓட்டைய அடைக்கறதுக்கு முன்னாடி கேக்க வேண்டியது. இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம்னு தோணுது, ஏன்னா எல்லார் கவனமும் அந்த ஓட்டைல இருக்கும். ஓட்டை இருக்கறப்போ இடது அறைல இருக்கற ரத்தம் சுலபமான வழில வலது பக்கம் தப்பிச்சுப் போயிடும், அதனால எக்கோல பம்பிங் நம்பர் அழகா தெரியும். அடைச்ச ஒடனே அந்தக் குறுக்கு வழி போச்சு, மொத்த லோடையும் அந்த நார் தசைதான் தள்ளணும். அப்போதான் அதோட நெஜமான தெம்பு தெரியும். அதுக்காக ஆபரேஷன் வேணாம்னு அர்த்தம் இல்ல, பெரிய ஓட்டைய விட்டா நுரையீரல் கெட்டுடும், அது இன்னும் மோசம். சர்ஜன், மயக்க டாக்டர், ஐசியூ டாக்டர் மூணு பேருக்கும் தசை பிரச்சனையும் இருக்குன்னு தெரியுமான்னு கேட்டு உறுதி பண்ணிக்கோங்க, அவ்ளோதான். ஐசியூல நாள் கூடலாம், வென்டிலேட்டர்ல இருந்து எடுக்க நேரமாகலாம்னு மனச ரெடி பண்ணி வெச்சுக்கோங்க. பக்கத்து பெட் கொழந்தை நாலு நாள்ல வார்டுக்குப் போச்சு, எங்களோடது பதினொரு நாள், யாரும் முன்னாடியே சொல்லாததால நான் பதினொரு நாளும் செத்துப் பொழச்சேன்.

ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தா சொந்தக்காரங்க எல்லாம் ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா வந்து "ஓட்டைய அடைச்சாச்சுல்ல, இனிமே ஒண்ணுமில்ல"ன்னு சொல்லுவாங்க. நாங்களும் அப்படியே நம்பினோம். பையன் ஓடினான், ஆடினான், மூணு வயசுல எக்கோல பம்பிங் நல்லா இருந்துச்சு, அடுத்த ரெண்டு செக்கப்புக்கு நாங்க போகவே இல்ல. இந்தத் தசை வியாதிக்கு ஒரு கெட்ட பழக்கம் இருக்கு, கைக்கொழந்தைல கொறஞ்ச பம்பிங் தானா ஏறி நார்மல் ஆகிடும், அப்பறம் சில வருஷம் கழிச்சு சத்தமில்லாம மறுபடி எறங்கும். எங்களுக்கு அப்படித்தான் ஆச்சு. அஞ்சு வயசுல வயித்து வலி, வாந்தி, சாப்பாடு வேணாங்கறான். பக்கத்து கிளினிக்ல கேஸ் ட்ரபிள்னு சிரப் குடுத்தாங்க, நாலு நாள் ஓடிடுச்சு, அஞ்சாவது நாள் காத்தால கண்ணு ரெப்பை வீங்கியிருந்துச்சு. அவங்கள மட்டும் சொல்லி என்ன பண்றது, இதயத்துல ஆபரேஷன் ஆன கொழந்தைன்னு நானே அங்க சொல்லல, வயித்துக்கும் இதயத்துக்கும் என்னன்னு நெனச்சேன். குழந்தைங்களுக்கு இதயம் தளர்ந்தா கல்லீரல் வீங்கும், குடலுக்கு ரத்தம் கொறையும், அதனால பல நேரம் வயித்து வலியும் வாந்தியும்தான் மொதல்ல வரும், பெரியவங்க மாதிரி கால் வீக்கம் இல்ல. இத மட்டுமாவது ஞாபகம் வெச்சுக்கோங்க.

வீட்ல என்னத்த கவனிக்கணும்னா, தூங்கும்போது மூச்ச எண்ணுங்க. வயிறு ஏறி எறங்கறத முழுசா ஒரு நிமிஷம், போன்ல டைமர் போட்டு. ரெண்டு மாசத்துக்குள்ள இருக்கற கொழந்தைக்கு 60, ஒரு வயசு வரைக்கும் 50, அஞ்சு வயசு வரைக்கும் 40, இந்த நம்பரத் தொட்டாலோ தாண்டினாலோ சும்மா இருக்காதீங்க. அதவிட முக்கியம் உங்க கொழந்தையோட வழக்கமான நம்பர் என்னன்னு தெரிஞ்சு வெச்சுக்கறது, என் பையனுக்கு 22, அது 30 ஆச்சுன்னா நான் டாக்டருக்கு போன் பண்ணிடுவேன். வாரம் ஒருதடவ ஒரே மெஷின்ல, ஒரே நேரத்துல வெயிட் பாருங்க. கொழந்தை வெயிட் ஏறாட்டியும் கவல, ரெண்டு நாள்ல திடீர்னு ஏறினாலும் கவல, அது சதை இல்ல, தண்ணி. மயக்கம் போட்டு விழுந்தா, அதுவும் ஓடும்போது விழுந்தா, வெயில்னு சமாதானம் சொல்லாதீங்க, அன்னிக்கே போங்க. நெஞ்சு படபடன்னு அடிச்சு நிக்கவே இல்லன்னா, வாய் ஒரு பக்கம் கோணினா, கை தொவண்டா, பேச்சு கொளறினா 108. அந்த நார் இடுக்குல ரத்தம் தேங்கி கட்டியாகலாம், அது மூளைக்குப் போனா பக்கவாதம், கொழந்தைக்கும் வரும்.

மருந்து விஷயம். பொதுவா குடுக்கறது எனலாப்ரில், கார்வெடிலால், லாசிக்ஸ் (ஒடம்புல தேங்கற தண்ணிய மூத்திரமா வெளியேத்தறது), ஸ்பைரோனோலாக்டோன், சிலருக்கு ரத்தம் கட்டாம இருக்க ஆஸ்பிரின் இல்ல வார்ஃபரின், அசிட்ரோம். அளவு எல்லாம் வெயிட்ட வெச்சு டாக்டர்தான் சொல்லணும், வேற கொழந்தையோட சீட்டப் பாத்து குடுத்துடாதீங்க. சின்னக் கொழந்தைக்கு மாத்திரையப் பொடிச்சு இத்தன எம்எல் தண்ணில கலக்கி இத்தன எம்எல் குடுன்னு சொல்லுவாங்க, அத சிரிஞ்சுல அளந்து குடுங்க, ஸ்பூன் வேணாம், ஸ்பூனுக்கு ஸ்பூன் அளவு மாறும். மிச்சத்தக் கொட்டிடுங்க. குடுத்த ஒடனே வாந்தி எடுத்தா மறுபடி குடுக்கணுமா கூடாதான்னு ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியா முன்னாடியே கேட்டு எழுதி வெச்சுக்கோங்க, ராத்திரி 11 மணிக்கு யாரையும் கேக்க முடியாது. கார்வெடிலால சாப்பாட்டோட குடுங்க, நீங்களா திடீர்னு நிறுத்தாதீங்க. எனலாப்ரில் ஆரம்பிச்சதுல இருந்து வறட்டு இருமல் விடாம இருந்தா அது மருந்தோட வேலையா இருக்கலாம், சொல்லுங்க, மாத்திக் குடுப்பாங்க.

நம்ம ஊர் விஷயம் சிலது இருக்கு, டிஸ்சார்ஜ் சீட்டுல எழுத மாட்டாங்க. இளநி. சென்னை வெயிலுக்கு கொழந்தைக்கு இளநி வாங்கிக் குடுக்காத வீடு உண்டா? ஆனா இளநில பொட்டாசியம் ஜாஸ்தி, எனலாப்ரிலும் ஸ்பைரோனோலாக்டோனும் ஏற்கனவே ஒடம்புல பொட்டாசியத்த ஏத்தும், மூணும் சேந்தா துடிப்பே கெட்டுடலாம். எவ்ளோ குடுக்கலாம்னு கேட்டுட்டுக் குடுங்க. அதே மாதிரி உப்பக் கொறைக்கணும்னு கடைல லோ சோடியம் உப்பு வாங்கிட்டு வராதீங்க, அதுல சோடியத்துக்கு பதிலா இருக்கறதே பொட்டாசியம்தான். சாதா உப்பையே கம்மியா போடுங்க, ஊறுகா, அப்பளம், கருவாடு, சிப்ஸ் இதுங்கள தள்ளி வைங்க. வார்ஃபரின் சாப்பிடறவங்களுக்கு முருங்கக்கீரை ஆகாதுன்னு மொத்தமா நிறுத்தச் சொல்றாங்க, அப்படி இல்ல, வாரத்துக்கு எவ்ளோ சாப்பிடறீங்களோ அதே அளவுல சாப்பிடுங்க, ஒரு வாரம் தெனமும் கீரை, அடுத்த வாரம் கீரையே இல்லன்னா ஐஎன்ஆர் (ரத்தம் உறைய எவ்ளோ நேரமாகுதுன்னு பாக்கற டெஸ்ட் நம்பர்) ஏறி எறங்கி ஆட்டம் போடும். நாட்டு மருந்து, லேகியம், எதுவா இருந்தாலும் கேக்காம குடுக்காதீங்க.

காய்ச்சல் வந்தா பாராசிட்டமால் மட்டும். ஐபுப்ரோஃபென் கலந்த சிரப் வேணாம், இந்த மருந்துங்களோட சேந்தா கிட்னிக்கு ஆகாது, ஒடம்புல தண்ணியும் தேக்கும். மூக்கடைப்புக்கு மெடிக்கல் ஷாப்ல அவங்களா எடுத்துக் குடுக்கற சளி சிரப்புங்கள்ல ஃபீனைல்எஃப்ரின் இருக்கும், அதுவும் வேணாம். ஐப்பசி கார்த்திகை மழைல காய்ச்சல்னா எங்களுக்கு பாதி உசுரு போயிடும், டெங்குன்னா ப்ளேட்லெட் எறங்கும், பையன் ஆஸ்பிரின்ல இருக்கான், ரத்தக் கசிவு பயம். காய்ச்சல் வந்த மொத நாளே ஆஸ்பிரின்ல இருக்கான்னு சொல்லிடுங்க, நிறுத்தறதா வேணாமான்னு அவங்க முடிவு பண்ணட்டும். அம்மை போட்டாலும், ஃப்ளூ வந்தாலும் அதே மாதிரி ஒடனே சொல்லணும், அந்த நேரத்துல ஆஸ்பிரின் ஆபத்து. ஃப்ளூ ஊசி வருஷா வருஷம் போட்டுடுங்க. வாந்தி பேதி வந்தா லாசிக்ஸ அப்படியே தொடரணுமான்னு கேளுங்க, ஏற்கனவே தண்ணி போயிட்டு இருக்கும்போது அது இன்னும் வத்த வெச்சுடும்.

பல்லு. இத யாரும் சொல்லல, ஒரு பல் டாக்டர்தான் சொன்னாங்க. சொத்தப் பல்லுல இருந்து கிருமி ரத்தத்துல ஏறி இதயத்துல ஒக்காந்துடும். ஓட்டைல பேட்ச் வெச்சிருந்தா மொத ஆறு மாசம், அதுக்கப்பறமும் பேட்ச் பக்கத்துல கொஞ்சம் கசிவு இருந்தா, பல் புடுங்கறதுக்கு முன்னாடி ஆன்டிபயாடிக் போடணும். ராத்திரி பல் தேய்க்காம தூங்க விடாதீங்க, அழுதாலும்.

எங்க காட்டறதுன்னு கேப்பீங்க. பொதுவான இதய டாக்டர் போதாது, குழந்தைங்க இதய டாக்டர் வேணும். சென்னைல அதுக்கு பஞ்சமில்ல, எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு, முகப்பேர்ல மெட்ராஸ் மெடிக்கல் மிஷன் இருக்கு, ஆயிரம் விளக்குல அப்போலோ குழந்தைகள் ஆஸ்பத்திரி இருக்கு. அரசு ஆஸ்பத்திரின்னா காத்தால சீக்கிரம் போயிடுங்க, டிபன் பாக்ஸ், தண்ணி, மாத்துத் துணி, போன் சார்ஜர் நாலும் இருக்கணும். என் அபிப்பிராயம், எங்க வேணா காட்டுங்க, ஆனா எக்கோவ ஒரே எடத்துல எடுங்க, முடிஞ்சா ஒரே டாக்டர்கிட்ட. பம்பிங் ஒரு எடத்துல 48, இன்னொரு எடத்துல 53-ன்னு வந்தா அது ஏறினதா, பாத்த ஆள் வேறயான்னே தெரியாது. 55-க்கு மேல நார்மல்னு வெச்சுக்கோங்க. சின்னக் கொழந்தைக்கு தூக்க மருந்து குடுத்து எடுப்பாங்க, அதனால முந்தின ராத்திரி லேட்டா தூங்க வெச்சு காத்தால சீக்கிரம் எழுப்பிக் கூட்டிட்டுப் போங்க, எவ்ளோ நேரம் வயிறு காலியா இருக்கணும்னு முன்னாடியே போன் பண்ணிக் கேட்டுக்கோங்க. எக்கோவோட வருஷத்துக்கு ஒருதடவயாவது ஹோல்டர் வேணுமான்னு கேளுங்க, 24 மணி நேரம் மாட்டிட்டே இருக்கற மெஷின் அது, துடிப்பு கோளாற ஆஸ்பத்திரில எடுக்கற பத்து செகண்ட் ஈசிஜி காட்டிக் குடுக்காது.

பணம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துல ஒரு குடும்பத்துக்கு வருஷம் 5 லட்சம் வரைக்கும் கவர் ஆகும், வருஷ வருமானம் 1,20,000-க்குள்ள இருக்கணும். ரேஷன் கார்டு, ஆதார், வருமானச் சான்று எடுத்துட்டு கலெக்டர் ஆபீஸ் போகணும், சென்னைக்காரங்களுக்கு அது ராஜாஜி சாலைல. ஆபரேஷன் தேதி வந்தப்பறம் ஓடாதீங்க, இப்பவே எடுத்து வைங்க. கம்பெனி இன்சூரன்ஸ் இருந்தா பிறவிக் கோளாறு கவர் ஆகுமான்னு ஹெச்ஆர்கிட்ட வாய்ல கேக்காதீங்க, மெயில்ல கேளுங்க.

ஃபைல் போடுங்க, ஒரே ஃபைல். மொத பக்கத்துல ஒரு வரி பெருசா எழுதுங்க, "விஎஸ்டி அடைச்சாச்சு, எல்விஎன்சி இருக்கு"ன்னு, ரெண்டாவது பாதிய சிகப்பு பேனால. கீழ மருந்து, அளவு, கடைசி பம்பிங், தேதி, ஆகாத மருந்து, டாக்டர் நம்பர். அத போட்டோ எடுத்து வீட்டுக்காரர், பாட்டி, ஸ்கூல் மிஸ் எல்லார் போன்லயும் போட்டு வைங்க. எக்கோ வீடியோவ சிடில கேட்டு வாங்குங்க, பேப்பர் மட்டும் பத்தாது.

ஸ்கூல்ல பிடி சார்கிட்ட டாக்டர் லெட்டர் குடுத்துடுங்க. விளையாடவே கூடாதுன்னு இல்ல, அவன் இஷ்டத்துக்கு ஓடட்டும், மூச்சு வாங்கினா நிக்கட்டும், போட்டின்னு தள்ளிவிட்டு ஓட விடக் கூடாது, அதான் விஷயம். மூணாவது மாடி க்ளாஸ்னா கீழ மாத்திக் கேளுங்க. ப்ரேயர்ல வெயில்ல நிக்க வெக்க வேணாம்னும் லெட்டர்லயே எழுதி வாங்கிடுங்க. எங்க ஸ்கூல்ல சார் ஸ்கோரர் வேல குடுத்தாரு, இவன் இப்போ கிரிக்கெட்ல அம்பயரவிட ஓவரா பேசறான்.

பம்பிங் ரொம்ப எறங்கினா, மருந்துக்குக் கேக்கலன்னா, ஐசிடி மெஷின் (துடிப்பு ஆபத்தா கெட்டா ஷாக் குடுத்து சரி பண்ற, ஒடம்புக்குள்ள வெக்கற மெஷின்), இதய மாற்று வரைக்கும் பேச்சு வரும். அந்த வார்த்தை காதுல விழுந்தா கதவு மூடிடுச்சுன்னு நெனக்காதீங்க. 2008-ல ஒரு ஸ்கூல் பையனோட இதயத்த எடுத்துட்டு வர்றதுக்கு ரோடு ட்ராஃபிக்கயே நிறுத்தி முகப்பேருக்குக் கொண்டு வந்தாங்களே, அது ஒரு சின்னப் பொண்ணுக்குத்தான் வெச்சாங்க. இப்போ உறுப்பு தானத்த டிரான்ஸ்டான்னு அரசு அமைப்பு பாத்துக்குது, பேர் பதியறது ஆஸ்பத்திரி மூலமாத்தான்.

ஆண் கொழந்தையா இருந்து, தசையும் தொவளுது, வாய்ப்புண்ணும் இன்ஃபெக்ஷனும் அடிக்கடி வருதுன்னா பார்த் சிண்ட்ரோமான்னு கேளுங்க. அது அம்மா வழியா பசங்களுக்கு வர்றது, வெள்ளை அணுல ஒரு வகை கொறையும், ஜீன் டெஸ்ட்ல தெரியும். எங்களுக்கு அது இல்லன்னு வந்துச்சு.

கடைசியா, வீட்ல மத்தவங்களுக்கும் எக்கோ. அப்பா, அம்மா, கூடப் பொறந்தவங்க எல்லாருக்கும். எங்க வீட்டுக்காரர் "எனக்கென்ன, நான் நல்லாத்தான் இருக்கேன்"னு ஒரு வருஷம் இழுத்தாரு, தொந்தரவே இல்லாம இது இருக்கலாம்னு டாக்டர் நேரா சொன்னப்பறம்தான் சட்டையக் கழட்டி படுத்தாரு. அடுத்த கொழந்தைக்கு பிளான் இருந்தா 18-ல இருந்து 22 வாரத்துக்குள்ள வயித்துல இருக்கற கொழந்தைக்கே இதய ஸ்கேன் எடுக்கலாம். பெரியவளுக்கு 13 வயசு, போன மாசம் எடுத்தோம், நார்மல். ஆனா இது வளர வளரவும் தெரியலாம், மூணு வருஷம் கழிச்சு மறுபடி கூட்டிட்டு வாங்கன்னு சொல்லியிருக்காங்க. அவ பேர்லயும் ஒரு ஃபைல் போட்டாச்சு, நீலக் கலர், உள்ள ஒரே ஒரு பேப்பர்.